முப்பது வருடம் கழித்து அளக்கப்போகிறவருக்காக

ஒரு மரத்தில் எண்ணிட்ட அலுமினியத் தகடு அடிப்பதிலிருந்து தொடங்குகிறேன். மரத்தின் பருமனை அளக்கும் இடம் தரையிலிருந்து 1.3 மீட்டர். தகட்டின் ஆணியை அங்கே அடிக்கக் கூடாது. ஆணி இறங்கிய இடத்தில் பட்டை புடைத்துக்கொள்ளும், அடுத்தடுத்து எடுக்கும் அளவெல்லாம் அந்தப் புடைப்பையும் சேர்த்தே காட்டும். அதனால் 30 செ.மீ. மேலே, 1.6 மீட்டரில் அடிப்பது வழக்கம். ஆணியை முழுதாக இறக்கிவிடவும் கூடாது. சில சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மரம் பருக்கப் பருக்கத் தகட்டையே விழுங்கிவிடும். ஆணித்தலை சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தகடு நழுவி வந்து, பட்டையைத் தொடாமல் தொங்கும்.

இன்று ஆணி அடிப்பவருக்கு இவ்வளவு கவனம் தேவையே இல்லை. அந்த மரம் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். 30 வருடம் கழித்து டேப்பும் பழைய வரைபடமுமாக அங்கே வந்து நிற்கப்போகிறவருக்குத்தான் இத்தனையும். அவர் ஒருவேளை இன்னும் பிறந்திருக்கக்கூட மாட்டார். பாதுகாக்கப்பட்ட ஒரு காட்டில், புல்வெளியில், ஈரநிலத்தில் நீண்டகாலக் கண்காணிப்புக்குத் திட்டம் போடும்போது ஒவ்வொரு முடிவிலும் அவரை எதிரே உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதே இடத்தை, அதே பருவத்தில், அதே விதமாக அவரால் அளக்க முடியுமா? முடியாவிட்டால் மாறியது காடா, அளந்த முறையா என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது.

இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இந்தியப் புலிக் கணக்கெடுப்பு. பல பத்தாண்டுகளாகக் காலடித் தடங்களைக் கண்ணாடித் தகட்டில் படியெடுத்து, தடத்தை வைத்தே புலியை அடையாளம் கண்டு எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையில் பிழை எவ்வளவு என்று சோதிக்க அந்த முறைக்குள்ளேயே வழி இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பதாக 2004 வரை கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது வெளிப்பட்டது. அதன்பின் தானியங்கி கேமராக்களும் மாதிரி எடுப்புப் புள்ளியியலும் வந்தன. 2006 மதிப்பீடு 1,411. 2001-02 கணக்கு சொன்னது 3,642. பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. புலிகள் குறைந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு குறைந்தன என்பதை இந்த இரண்டு எண்களையும் கழித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு முறையில் வந்தவை. அத்தனை வருட உழைப்பை ஒப்பிட முடியாமல் போனதுதான் பெரிய இழப்பு.

சரி, எங்கிருந்து தொடங்குவது? "சூழல் நலமாக இருக்கிறதா" என்ற கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் எதையும் அளக்க முடியாது. அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை தன் பூங்காக்களை 32 வலையமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில "உயிர்க்குறிகளை"த் தேர்ந்தெடுத்து அளக்கிறது. நாடித்துடிப்பும் உடல்சூடும் பார்த்து மருத்துவர் முதல் கணிப்புக்கு வருகிறாரே, அதே எண்ணம்தான். முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சொல்லச் சொல்லப் பட்டியல் நூறைத் தாண்டிவிடும். அதைப் பத்து, பன்னிரண்டுக்குக் குறைப்பதில்தான் திட்டத்தின் தலையெழுத்தே இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்து நான்கு கேள்வி கேளுங்கள். இது மாறினால் வேறெதெல்லாம் மாறும்? மாற்றத்தைச் சேதம் முற்றுமுன் காட்டுமா? இரண்டு பேர் அளந்தால் ஒரே விடை வருமா? மாறிவிட்டது என்று தெரிந்தால் பூங்கா நிர்வாகம் ஏதாவது செய்யுமா? கடைசிக் கேள்விக்கு விடை "இல்லை" என்றால் அந்தக் குறியை எடுத்துவிடலாம். ஒரு விதிவிலக்கு: மழையும் வெப்பமும் போல, நம்மால் ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் மற்ற எல்லா அளவுகளையும் விளக்கத் தேவைப்படுபவை இருக்க வேண்டும்.

காரணத்தையும் விளைவையும் சேர்த்தே அளப்பதன் பலனை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பார்ட் புரூக் ஆய்வுக்காடு காட்டியது. அங்கே 1963இலிருந்து மழைநீரின் வேதியியலையும் ஓடைநீரின் வேதியியலையும் அருகருகே அளந்து வந்தார்கள். ஓடையை மட்டும் அளந்திருந்தால் நீர் மாறுகிறது என்பதோடு நின்றிருக்கும். மழையையும் அளந்ததால்தான் அமில மழை என்ற காரணம் கையில் அகப்பட்டது. உங்கள் பூங்காவுக்கும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள்: மேய்ச்சல், தீ, அயல் தாவரம், நீர் திருப்பல் இவற்றில் எது எதை எந்த வழியாகத் தொடுகிறது என்று. அந்தப் படத்தில் ஓர் அம்பின் இரு முனைகளிலும் முனைக்கொரு அளவு இருந்தால் திட்டம் உருப்படும்.

பிறகு இலக்கை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். "புல்வெளியின் நிலையைக் கண்காணித்தல்" என்பது இலக்கு ஆகாது. இப்படி எழுதலாம்: "1,800 மீட்டர் உயரத்துக்கு மேலுள்ள புல்வெளிகளில் அயல் புதர்களின் பரப்பு 10 ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், 80 சதவீத வாய்ப்போடு அதைக் கண்டுபிடிப்பது, கூடாதபோது கூடியதாகச் சொல்லும் வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது." எந்த இடம், எந்தப் பொருள், எவ்வளவு மாற்றம், எத்தனை ஆண்டு, எவ்வளவு உறுதி என்று ஐந்தும் அதில் இருக்கின்றன. பொய் எச்சரிக்கைக்கு ஆய்விதழ்களின் பழக்கப்படி 5 சதவீதம்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காட்டைக் காக்கும் வேலையில், இல்லாத ஆபத்துக்கு ஒருமுறை பதறுவதைவிட இருக்கிற ஆபத்தைக் கோட்டைவிடுவதுதான் கேடு. 10, சில சமயம் 20 சதவீதம்வரைகூட ஏற்கலாம். அதைத் தொடங்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.

எங்கே அளப்பது என்பதில் பெரும்பாலானோர் சறுக்குவது பாதையோரத்தில். ஜீப் போகும் வழி, காவல் கூடாரத்துக்குப் பக்கம், "இது நல்ல காடு" என்று கண்ணுக்குத் தோன்றிய இடம் என்று பிளாட் (அளப்பதற்கென்று எல்லை குறித்த நிலத்துண்டு) போட்டுவிடுவார்கள். பாதையோரத்தில் வெளிச்சம் வேறு, களை வேறு, விலங்கு நடமாட்டம் வேறு. நல்ல காட்டை மட்டும் பொறுக்கியெடுத்தால் இன்னொரு வினையும் சேரும். இருப்பதில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் அதற்கு இனி இறங்க மட்டும்தான் இடம் இருக்கும், பூங்கா முழுக்க ஒன்றும் ஆகாதபோதும் உங்கள் வரைகோடு சரியும். இடங்களைக் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும். வெறும் குலுக்கலில் புள்ளிகள் ஒரே மூலையில் குவிந்துவிடுவதுண்டு. ஸ்டீவன்ஸ், ஓல்சன் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 2004இல் வெளியிட்ட முறை, நிலப்பரப்பு முழுக்கப் பரவலாகவும் அதே சமயம் தற்செயலாகவும் புள்ளிகளைத் தரும், இலவச மென்பொருளிலேயே செய்யலாம். வரிசையெண்ணோடு புள்ளிகள் வருவது இதன் பெரிய வசதி. 7ஆம் புள்ளி செங்குத்துப் பாறையில் விழுந்தால் காரணத்தை எழுதிவிட்டுப் பட்டியலில் அடுத்ததற்குப் போகலாம், சமநிலை கெடாது. ஆனால் "இன்று நேரமாகிவிட்டது" என்று தாண்டக் கூடாது. ஏற முடியாத சரிவுகளை முதலிலேயே விலக்கிவிட்டால், கிடைக்கும் முடிவும் அந்தச் சரிவுகளைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை அறிக்கையில் எழுத வேண்டும்.

பூங்காவைப் பிரிவுகளாகப் பிரித்து மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாவர வரைபடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். இன்று புல்வெளி என்று கோடு போட்ட இடம் 15 வருடத்தில் புதர்க்காடாகிவிடும். அதைப் புல்வெளிப் பிரிவில் வைப்பதா, புதர்ப் பிரிவில் வைப்பதா? நாம் அளக்க வந்த மாற்றமே நம் பிரிவுகளைக் கலைத்துவிடும். உயரம், சரிவு, பாறை வகை, நீர்ப்பிடிப்பு எல்லை போன்ற அசையாதவற்றை வைத்துப் பிரியுங்கள்.

இனி எத்தனை முறை என்ற கேள்வி. திட்டத்தின் இருதயம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

40 குளங்களில் தவளை எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவுகள் ஏறி இறங்கப் பல காரணங்கள் உண்டு. குளத்துக்குக் குளம் வித்தியாசம் ஒன்று. அதே குளத்தில் எண்ணுகிறவரின் பிழை இன்னொன்று. மூன்றாவது, வறட்சி ஆண்டில் எல்லாக் குளங்களிலும் ஒருசேரக் குறைவது. முதல் இரண்டையும் அதிகக் குளங்களைச் சேர்த்துக் கட்டுக்குள் கொண்டுவரலாம். மூன்றாவதை முடியாது. 40 குளத்தை 400 ஆக்கினாலும் வறட்சி ஆண்டு வறட்சி ஆண்டுதான், 400 குளங்களும் சேர்ந்தே இறங்கும். அதை வெல்ல ஒரே வழி ஆண்டுகளைச் சேர்ப்பது. எல்லா இடத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே மூச்சில் அளக்கும் திட்டம் ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். போன முறை நல்ல மழை, இந்த முறை வறட்சி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டு "சரிவு" என்று எழுதிவிடுவோம்.

சுழற்சி முறை இதற்கு நடைமுறைத் தீர்வு. 60 இடங்கள் இருந்தால் 10 இடங்களை ஆண்டுதோறும் அளப்பது. மீதி 50ஐப் பத்துப் பத்தாக ஐந்து குழுவாக்கி, ஆண்டுக்கு ஒரு குழு. ஒரு பருவத்தில் 20 இடம்தான் வேலை. ஆண்டுதோறும் பார்க்கும் பத்து இடங்கள் அந்த ஆண்டின் குணத்தைச் சொல்லும், சுழலும் ஐம்பதும் பூங்காவின் பரப்பைச் சொல்லும். மிதித்தே கெட்டுப்போகிற சதுப்பு நிலம், பாசிப்பரப்பு போன்ற இடங்களில் ஆண்டுதோறும் போகும் குழுவைச் சிறிதாக வையுங்கள். நம் காலடியே அளவில் ஏறிவிடும்.

மெதுவான மாற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 3 சதவீதம் குறையும் ஓர் உயிரினம் 10 ஆண்டில் 26 சதவீதமும் 20 ஆண்டில் 46 சதவீதமும் குறைந்திருக்கும். ஆனால் ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு எண்ணிக்கை 30 சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு என்றால் முதல் ஐந்தாண்டில் அந்த 3 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. எனவே ஒரு பருவம் முன்னோட்டம் பாருங்கள். அதில் கிடைத்த ஏற்றத்தாழ்வை வைத்து, கற்பனையான ஒரு சரிவைக் கணினியில் 1,000 தடவை ஓட்டி, எத்தனை தடவை நம் திட்டம் அதைப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பருவத்துத் தரவில் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கம் தெரியாது. அதற்கு ஒத்த இடங்களின் பழைய தொடர்களைக் கடன் வாங்கியாக வேண்டும். 20 ஆண்டில்கூடப் பிடிபடாது என்று தெரிந்தால் அந்தக் குறியை மனதைத் திடப்படுத்திக்கொண்டு விட்டுவிடுவதே நல்லது. அரைகுறையாக அளந்து "மாற்றம் ஏதும் தென்படவில்லை" என்று எழுதுவது ஆபத்தானது. படிப்பவர் அதை "மாற்றம் இல்லை" என்றுதான் புரிந்துகொள்வார்.

விலங்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு: காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இருக்கும் இடத்திலேயே ஒரு முறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்றால், மூன்று முறை போனால் ஒரு தடவையாவது பார்க்கும் வாய்ப்பு 66 சதவீதம், ஐந்து முறை போனால் 83 சதவீதம். கண்ணில் படும் அந்த வாய்ப்பும் மாறாமல் இருக்காது. தீக்குப் பிந்தைய ஆண்டில் தரை வெறிச்சோடிக் கிடக்கும், மான் நன்றாகத் தெரியும். நான்கு வருடத்தில் புதர் மண்டினால் மான் அதே அளவு இருந்தும் எண்ணிக்கை சரியும். அதனால் ஒரே பருவத்தில் மறுபடி மறுபடி போவதையும், கண்ணுக்குத் தப்பியவற்றை மதிப்பிட, கண்ட விலங்கின் தூரத்தைப் பதிவதையும் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

இனிக் களக் கையேடு. இது எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓடைநீரின் வெப்பத்தை அளக்கும் சிறிய லாகர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் அளவு கருவி, அரை மணிக்கு ஒருமுறை தானே குறித்துக்கொள்ளும். பார்த்தால் எளிது. ஆனால் அதை ஓடையில் போடும் முன்பும் எடுத்த பின்பும் பனிக்கட்டிக் குளியலில் சோதிக்க வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் உள்ள மூடிய பெட்டியில் அடிக்கடி கலக்கிவிட்டு அரை மணி வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். கருவியின் துல்லியம் 0.2 டிகிரி என்றால் அதைத் தாண்டி விலகும் கருவியை ஒதுக்கிவிடுங்கள். தேங்கிய மடுவில் போடாதீர்கள், நீர் நன்றாகக் கலந்து ஓடும் இடமாக இருக்கட்டும். நேர் வெயில் பட்டால் கருவி தன் சூட்டையே காட்டும், துளையிட்ட வெள்ளை பிவிசி குழாய்க்குள் வைத்து, அசையாத பாறையில் எஃகுக் கம்பிவடத்தால் கட்டுங்கள். வெள்ளம் ஒன்றை அடித்துக்கொண்டு போனாலும் தொடர் அறாமலிருக்க, இன்னொன்றைச் சில மீட்டர் தள்ளி வையுங்கள். கோடையில் நீர் இறங்கிக் கருவி வெளியே வந்துவிட்டால் அது காற்றின் வெப்பத்தைப் பதியத் தொடங்கும். நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலுள்ள தூரம் திடீரென்று விரிவதுதான் அதற்கு அடையாளம். அந்த நாட்களை அழிக்காமல் "நீருக்கு வெளியே" என்று குறியிடுங்கள். கடிகாரத்தை ஆண்டு முழுக்க ஒரே திட்ட நேரத்தில் வையுங்கள், கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடாக இருந்தாலும். ஒரு லாகருக்கே கையேட்டில் மூன்று நான்கு பக்கம் ஆகிவிடும். ஆகட்டும்.

எண்ணைப் பதியும் விதம்கூட வரலாற்றைக் கெடுக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் பிளாட்டில் 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டையும் 1980களின் தொடக்கத்திலிருந்து அளக்கிறார்கள். உலகின் மதிப்பு மிக்க காட்டுத் தரவுகளில் ஒன்று அது. ஆரம்பத்தில் சிறிய தண்டுகளை 5 மி.மீ. படிகளாகக் கீழ்நோக்கி முழுமையாக்கி (19 மி.மீ. என்றால் 15 என்று) எழுதினார்கள், 1990லிருந்து 1 மி.மீ. துல்லியம். இதனால் 1985க்கும் 1990க்கும் இடையில் சிறு தண்டுகள் உள்ளதைவிட வேகமாக வளர்ந்ததாகத் தோன்றும். அவர்கள் இதை ஆவணப்படுத்தி வைத்திருந்ததால் பின்னால் வந்தவர்கள் 1990 அளவுகளையும் அதேபோல் கீழ்நோக்கி முழுமையாக்கி ஒப்பிட முடிகிறது. எழுதி வைக்காமல் போயிருந்தால் அது காட்டின் கதையாகவே நின்றிருக்கும்.

ஆள் மாறுவதும் இப்படித்தான். தரைப் பரப்பில் எத்தனை சதவீதம் புதர் என்று கண்மதிப்பில் இருவரைக் கேட்டால் ஒருவர் 25 என்பார், இன்னொருவர் 40 என்பார், இருவரும் அனுபவசாலிகளாக இருப்பார்கள். கோடு பிடித்து, ஒவ்வொரு அரை மீட்டரிலும் மெல்லிய கம்பியை இறக்கி, அது எதைத் தொடுகிறது என்று எழுதும் முறை மெதுவானது, ஆனால் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறாது. எந்த முறையானாலும் ஒவ்வொரு பருவத்திலும் பத்தில் ஒரு பிளாட்டை, முதல் குழுவின் தாளைப் பார்க்காத இன்னொரு குழு சில நாட்களுக்குள் மறுபடி அளக்கட்டும். அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. கருவியையோ முறையையோ மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதும் புதியதும் குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவத்திலும், கூடவே ஓட வேண்டும். கையேட்டின் பழைய பதிப்பைத் தூக்கி எறியாதீர்கள். எந்த ஆண்டின் தரவு எந்தப் பதிப்பின்படி எடுத்தது என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்.

பிளாட்டின் மூலைகளில் முறுக்குக் கம்பி அடித்து, மேலே மூடி போடுங்கள். மரங்கள் அடர்ந்த இடத்தில் கைக்கருவி ஜிபிஎஸ் 5, 10 மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம், அதை நம்பிக் கம்பியைத் தேட முடியாது. பெரிய பாறை, ஓடைத் திருப்பம் என்று எளிதில் அழியாத இரண்டு அடையாளங்களிலிருந்து திசையும் தூரமும் எழுதுங்கள். திசை காந்த வடக்கா, உண்மை வடக்கா என்பதையும் எழுத வேண்டும், காந்த வடக்கு ஆண்டுக்காண்டு நகர்கிறது. இலைச்சருகுக்கும் மண்ணுக்கும் கீழே போன கம்பியை உலோகங்காணிக் கருவி கண்டுபிடித்துத் தரும். ஒளிப்படம் எடுக்கும் புள்ளிக்குப் போகும்போது பழைய படத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோய், படத்தின் முன்புறத்தில் உள்ள பாறையும் தொடுவானமும் ஒன்றுசேரும் இடத்தில் நின்று எடுங்கள்.

தரவுக்கு வருவோம். பூங்கா சேவை தன் வலையமைப்புகளிடம் மொத்த ஒதுக்கீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தரவு மேலாண்மை, பகுப்பாய்வு, அறிக்கை ஆகியவற்றுக்கு வைக்கச் சொன்னது. கேட்பவர்களுக்கு அதிகமாகப் படும். பத்தாண்டு கழித்துத் தாள் மூட்டைகளுக்கு முன்னால் நிற்பவர்களுக்குப் படாது. சுழியமும் வெற்றிடமும் வேறு வேறு: "போனோம், தேடினோம், இல்லை" என்பது 0, "போகவில்லை" என்பது தனிக் குறி. மூலக் கோப்பைத் தொடாதீர்கள், திருத்தமெல்லாம் தனிக் கோப்பில், யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு. இனப் பெயர்கள் மாறும் என்பதையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பல அகேசியா இனங்கள் இப்போது வேச்சிலியா, செனிகாலியா என்று பெயர் மாறிவிட்டன. 2000ஆம் ஆண்டுப் பட்டியலை இன்றையதோடு கண்மூடித்தனமாக ஒப்பிடும் நிரல் பல இனங்கள் மறைந்து புதியவை வந்ததாகச் சொல்லும். பெயரைச் சார்ந்திராத குறியெண் கொடுத்து, சந்தேகமான செடிக்கு உலர்மாதிரி எடுத்து வையுங்கள். ஒன்று என்று நினைத்த இனம் நாளை இரண்டாகப் பிரிந்தால் பழைய பதிவைத் தீர்க்க அந்த உலர்ந்த கிளை மட்டுமே சாட்சி. அரிய ஆர்க்கிட், கூடுகட்டும் கழுகு இவற்றின் இட விவரத்தைப் பொதுத் தரவிலிருந்து முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

அளந்ததை வைத்து எப்போது நடவடிக்கை எடுப்பது? தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் ஒவ்வொரு குறிக்கும் "கவலைக்குரிய எல்லை" ஒன்றை முன்கூட்டியே வகுத்தார்கள். அளவு அதைத் தொட்டாலோ, போகிற போக்கில் தொடும் என்று தெரிந்தாலோ கூடிப் பேசியாக வேண்டும். நடவடிக்கை எடுப்பதா, எல்லை தவறென்று மாற்றுவதா என்று ஒரு முடிவும் எழுத வேண்டும். எல்லையை எண் வரும் முன்பே போட்டுவிட வேண்டும். வந்தபின் போட்டால் வந்த எண்ணுக்கு வசதியாகத்தான் அது அமையும்.

ஒருநாள் பணம் குறையும், அதுவும் திட்டத்தில் இருக்கட்டும். எதை முதலில் நிறுத்துவது என்ற வரிசையைப் பணம் இருக்கும்போதே எழுதுங்கள். எல்லாக் குறிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அளப்பது மிக மோசமான வழி, எதிலும் கண்டறியும் திறன் மிஞ்சாது. சில குறிகளை முழுதாக நிறுத்தி, சுழலும் குழுக்களைத் தள்ளிப்போட்டு, ஆண்டுதோறும் பார்க்கும் அந்தப் பத்து இடங்களை மட்டும் எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடங்கிய கரியமில வாயு அளவீடு 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் தொடங்கி இன்று 420ஐத் தாண்டியிருக்கிறது. அந்தத் தொடரும் 1964இன் தொடக்கத்தில் நிதி வெட்டால் சில மாதம் நின்றது. அந்த மாதங்களுக்கு இன்று அட்டவணையில் இருப்பது முன்னும் பின்னும் பார்த்து நிரப்பிய எண்தான், அளந்த எண் இல்லை.